வலது பக்கம் நின்ற காத்தமுத்து அண்ணனுக்கு

என் அன்புக்குரிய காத்தமுத்து அண்ணே,

நீங்கள் போய் மூன்று மாதம் ஆகிறது. வருகிற ஞாயிற்றுக்கிழமை நம் திடலில் ஆற்றங்கரைத் தோட்டத்தோடு கால்பந்து ஆட்டம். பந்தை உருட்டுவதற்கு முன் உங்களை நினைத்து ஒரு கடிதம் வாசிக்க வேண்டும், அதை நான்தான் எழுத வேண்டும் என்று செங்கோடன் சொல்லி அனுப்பியிருக்கிறான். ரப்பர் காயவைக்கும் புகைக்கூடத்தில் வேலை பார்த்துவிட்டுக் கண் சிவக்க ஓடி வந்து, ஆட்டம் முடியும்வரை தகர டின்னைத் தட்டிக்கொண்டே நிற்பானே, அதே செங்கோடன்தான். "கிராணி ஐயா எழுதினாத்தான் நல்லாருக்கும். பள்ளிக்கூட வாத்தியார் படிச்சிருவாரு" என்றானாம்.

நான் இப்போது தோட்டத்தில் இல்லை. ஜொகூர் பாருவில் பலகை விற்கும் ஒரு கடையில் எழுத்து வேலை. கடைக்குப் பின்னால் ஒரு அறை கொடுத்திருக்கிறார்கள். சிங்கப்பூருக்குப் போகும் ரயில் கடலைத் தாண்டும்போது அறைச் சுவர் நடுங்கும். யாழ்ப்பாணத்திலிருந்து கப்பலேறி வந்த நாளில் இப்படி ஒரு அறையில்தான் தங்கினேன். இத்தனை வருடம் தோட்டத்து ஆப்பீசில் கிராணியாகக் கணக்கு எழுதிய பிறகு மறுபடி அங்கேயே வந்து நிற்கிறேன்.

நம்மவர்கள் எதைக் கேட்கக் காத்திருப்பார்கள் என்று எனக்குத் தெரியும். அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

நம் திடல் திடலே இல்லை. பழைய பால்மரங்களை வேரோடு பிடுங்கிய குழிகளை மண் போட்டு மூடிய இடம். மழை பெய்தால் குழிகள் மறுபடி வாயைத் திறக்கும். அந்தக் குழி ஒவ்வொன்றும் உங்களுக்கு மனப்பாடம். எந்த இடத்தில் பந்து துள்ளும், எந்த இடத்தில் விழுந்த மாதிரியே கிடக்கும் என்று பார்த்து, வெறுங்காலோடு அங்கே போய் முன்கூட்டியே நிற்பீர்கள். பூட்ஸ் போட்டுக்கொண்டு ஓடி வருகிறவன் பந்து துள்ளும் என்று நினைத்துக் காலை ஓங்குவான். பந்து துள்ளாது. நீங்கள் எடுத்துக்கொண்டு போய்விடுவீர்கள். வலது பக்கத்தைக் காக்கும் பேக் என்றால் நம் தோட்டத்தில் ஒன்பது வருடம் ஒரே பெயர்தான். விடிவதற்கு முன் பெரட்டில் நின்று பெயர் கொடுத்து, மூன்று மணிவரை பால் வெட்டிச் சுமந்துவிட்டு, நான்கு மணிக்கு நீங்கள் திடலில் இருப்பீர்கள்.

ஆற்றங்கரைத் தோட்டத்தார் உங்களுக்குக் கங்காணி வேலை தருவதாக ஆள் அனுப்பினார்கள். தனி வீடு, மரம் வெட்ட வேண்டாம், ஆட்களை மேய்த்தால் போதும். ஏன் போகவில்லை என்று உங்களை ஆப்பீஸ் வாசலில் நிறுத்திக் கேட்டேன்.

"அங்க போனா நம்ம ஆளுங்கள எதிர்த்து ஆடணும்ங்களே" என்றீர்கள். "செங்கோடன் டின்னத் தட்டி என்னையே திட்டுவான். அதக் கேட்டுக்கிட்டு எப்படிங்க ஆடுறது?"

சிரித்தோம். நானும் சிரித்தேன்.

அந்த வருடக் கடைசி ஆட்டத்தில்தான் உங்கள் முழங்கால் போனது. ஒரு கோல் முன்னால் இருந்தோம். பந்து நம் வலைக்குள் போய்க்கொண்டிருந்தது. கோல்காரன் தரையில் கிடந்தான். எங்கிருந்தோ வந்து சரிந்து விழுந்து பந்தைத் தட்டிவிட்டீர்கள். போன வேகத்தில் கால் கோல் மரத்தில் மோதியது. அந்தச் சத்தம் எல்லைக் கோட்டுக்கு வெளியே நின்ற எனக்குக் கேட்டது. ஜெயித்தோம். உங்களைத் தோளில் தூக்கிக்கொண்டு வீடுகள் வரிசையாய் நிற்கும் லயத்தை மூன்று சுற்றுச் சுற்றினார்கள். தோளில் இருந்தபடி நீங்கள் பல்லைக் கடித்துக்கொண்டிருந்ததை நான் பார்த்தேன். சிரிக்கிறீர்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

அதோடு ஆட்டத்தை விட்டுவிட்டீர்கள். நொண்டி நொண்டி நடந்தீர்கள். ஆனால் பந்து மட்டும் உங்கள் வீட்டில்தான் இருந்தது. எண்ணெய் போட்டு, தையல் பார்த்து, ஆட்டத்தன்று கொண்டுவந்து கொடுத்துவிட்டு ஓரமாக உட்கார்ந்துகொள்வீர்கள்.

அண்ணே, இதுவரை எழுதியது செங்கோடன் கேட்ட கடிதம். இனி எழுதப்போவதை அவன் கேட்கவில்லை. வாத்தியார் ஐயா, தயவுசெய்து இடையில் நிறுத்தாமல் முழுவதும் வாசியுங்கள்.

அடுத்த வருடம் நம் புது பேக்குக்குக் காய்ச்சல் வந்தது. ஆட்டத்துக்கு இரண்டு நாள்தான் இருந்தது. ஆட்களைத் தேர்ந்தெடுப்பது என் பொறுப்பு. நான் உங்கள் லயத்துக்கே வந்தேன்.

"வேணாங்க ஐயா. கால் நிக்க மாட்டேங்குது. திரும்புனா மடங்கிக்குது" என்றீர்கள்.

"நீர் சும்மா நின்றால் போதும். உம்மைப் பார்த்தாலே அவங்கள் பயப்பிடுவாங்கள்" என்றேன்.

உங்கள் மனைவி அஞ்சலை அடுப்படியிலிருந்து, "அவரால முடியலீங்க" என்றார். நான் அவர் பக்கம் திரும்பவில்லை. நீங்கள் கொஞ்ச நேரம் காலைத் தடவிக்கொண்டிருந்துவிட்டு, சரி என்றீர்கள்.

நான்கு கோல். நான்கும் உங்கள் பக்கத்திலிருந்து. மூன்றாவது கோல் விழுந்தபோது திடலில் ஒரு குரல் எழுந்தது: "நொண்டியைத் தூக்கி வெளியில போடுங்கோ!" அதன் பிறகு எல்லோரும் கூவினார்கள். இதைக் கேட்டுக்கொண்டு நிற்கிறவர்களில் பலருக்கு அது நினைவிருக்கும். முதல் குரல் யாருடையது என்று அப்போது யாரும் தேடவில்லை. "போடுங்கோ" என்று பேசுகிறவன் நம் தோட்டத்தில் நான் ஒருவன்தானே.

நீங்கள் திரும்பிப் பார்த்தீர்கள். யாரென்று தெரிந்ததா அண்ணே?

ரப்பர் விலை விழுந்துகொண்டே போன காலம் அது. அடுத்த மாதம் துரை என்னைக் கூப்பிட்டு, ஆட்களைக் குறைக்க வேண்டும், பெயர்களை எழுதிக்கொண்டு வா என்றார். எழுதிக் கொடுத்தேன். அதில் உங்கள் பெயர் இல்லை. சத்தியமாக இல்லை. துரை எண்ணிப் பார்த்துவிட்டு ஒன்று குறைகிறது என்றார். பெரட்டுப் புத்தகத்தைத் தானே புரட்டினார். ஓரிடத்தில் விரல் நின்றது.

"காத்தமுத்து. இவன் நம் பேக் அல்லவா? இவனால் வேலை செய்ய முடிகிறதா?" என்று கேட்டார்.

"கால் சரியில்லை" என்றேன்.

பொய்யில்லை. கால் சரியில்லைதான். ஆனால் அந்தக் காலை இழுத்துக்கொண்டே உங்களுக்கு விட்ட மரங்களின் நிரையை யாருக்கும் பிந்தாமல் வெட்டி முடித்தீர்கள் என்பதும் எனக்குத் தெரியும். அதை நான் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அந்த விரல் அடுத்த பெயருக்கு நகர்ந்திருக்கும். துரை ஆட்டப் பிரியர். காரணம் கிடைத்தால் விட்டிருப்பார். நான் பேனாவை மையில் தோய்த்து உங்கள் பெயரைக் கடைசியில் எழுதினேன்.

ஏன் அப்படிச் செய்தேன்? பயமா? துரை எதைக் கேட்டாலும் உடனே பதில் சொல்லிப் பழகிய நாக்கா? தோற்ற அந்த ஆட்டத்தின் கோபம் அப்போதும் எனக்குள் கிடந்ததா? மூன்று மாதமாக என்னையே கேட்டுக்கொண்டிருக்கிறேன். ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு பதில் வருகிறது.

மறுநாள் நீங்கள் ஆப்பீசுக்கு வந்தீர்கள். பந்தை ஒரு துணியில் சுற்றி அக்குளில் வைத்திருந்தீர்கள்.

"என் பேரு எப்படிங்க ஐயா வந்துச்சு?"

"துரையின்ர முடிவு. நான் என்ன செய்யிறது?" என்றேன்.

கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றீர்கள். பிறகு பந்தை மேசைமேல் வைத்தீர்கள். "ஒரு எடத்துல தையல் பிரிஞ்சிருக்குங்க. ஆட்டத்துக்கு முன்னாடி பாத்துக்குங்க." அவ்வளவுதான். படியில் கையூன்றி இறங்கிப் போனீர்கள்.

மற்றவர்களெல்லாம் கப்பலேறி ஊருக்குப் போனார்கள். நீங்கள் போகவில்லை. உங்கள் மகள் முத்துலெச்சுமியை நம் தோட்டத்துச் சுடுகாட்டில் புதைத்திருந்தீர்கள். அவளை விட்டுவிட்டு அஞ்சலை வரமாட்டேன் என்றார். குளுவாங் பக்கம் காடு வெட்டும் ஒரு குத்தகைக்காரனிடம் வேலைக்குப் போனீர்கள். பச்சைக் காடு. மரம் சாய்ந்த குழியெல்லாம் தண்ணீர், தண்ணீரெல்லாம் கொசு. அந்த இடத்துக்குக் காலில் குறையில்லாதவர்களே போகப் பயப்படுவார்கள்.

உங்களை யார் பட்டியலில் சேர்த்தது என்று தோட்டத்தில் பேச்சு எழுந்தது. பெரிய கங்காணி என்று யாரோ சொன்னார்கள். அவருக்கும் உங்களுக்கும் முன்பு ஒரு நிரை விஷயமாக வாய்ச்சண்டை வந்திருந்ததால் எல்லோரும் நம்பினார்கள். அந்தப் பேச்சை நான் ஆப்பீசில் உட்கார்ந்து கேட்டேன். இல்லை என்று சொல்லவில்லை.

நான்கு மாதம் போனது. ஒரு சனிக்கிழமை மாலை, மரம் ஏற்றும் லாரிக்கார ஆ சோங் ஆப்பீஸ் வாசலில் வண்டியை நிறுத்தினான். நம் ஆட்டம் ஒன்றையும் தவறவிடாத சீனன். மலாயில் சொன்னான்: உங்களுக்குக் காய்ச்சல், அடையாளம் தெரியாத அளவுக்குப் போய்விட்டீர்கள், அஞ்சலை ஆள் கேட்கிறார் என்று. ஞாயிறு விடிந்ததும் செங்கோடன், இன்னும் ஆறு பேர், நான், எல்லோரும் அவன் லாரியில் ஏறினோம்.

நாங்கள் வந்து சேர்வதற்குச் சற்று முன்னால்தான் நீங்கள் போயிருந்தீர்கள். கூலிகள் தங்குகிற அந்த அத்தாப்பு ஓலைக் கொட்டகையில் மூங்கில் பரணில் கிடந்தீர்கள். முழங்கால் மட்டும் பெரிதாக, மற்றதெல்லாம் வற்றி. செங்கோடன் உங்கள் காலைப் பிடித்துக்கொண்டு ஒரு மிருகம் மாதிரி கத்தினான். அஞ்சலை அழவில்லை. "பிள்ள பக்கத்துல போடச் சொன்னாரு. அதுமட்டும் செஞ்சு குடுங்க" என்றார்.

வெயில் ஏறுவதற்குள் உங்களை லாரியில் கிடத்திக் கொண்டுவந்தோம். அஞ்சலை உங்கள் தலைமாட்டில் உட்கார்ந்து, பள்ளம் வரும்போதெல்லாம் உங்கள் தலையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். யோங் பெங் சந்தியைத் தாண்டும்போதே செய்தி பரவிவிட்டது. தோட்டத்து வாசலில் ஜனங்கள் கூடியிருந்தார்கள். காவலாளி வாசலை அடைத்திருந்த தடுப்புக் கட்டையைத் தூக்கவில்லை. வேலையில் இல்லாதவர்களைத் தோட்டத்துச் சுடுகாட்டில் புதைக்கத் துரையின் அனுமதி வேண்டும் என்றான்.

பங்களா மேட்டில் ஏறிப் போனேன். கூட்டம் கீழே நின்றது. துரை சாப்பிட்டுவிட்டு வெளியே வந்தார். விஷயத்தைச் சொன்னேன்.

"இப்போது அவன் நம் ஆள் இல்லை" என்றார். "ஒருவனுக்கு விட்டால் போனவர்களெல்லாம் திரும்பி வருவார்கள். வேறு இடம் பார்க்கச் சொல்." சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

நான் மேட்டின் விளிம்புக்கு வந்தேன். அத்தனை முகமும் என்னைப் பார்த்தன.

"என்னங்க ஐயா சொல்றாரு?" என்று கேட்டான் செங்கோடன்.

"ஓம் என்று சொல்லிட்டார். கொண்டுபோங்கோ" என்றேன்.

கட்டை தூக்கப்பட்டது. உங்களோடு ஆடியவர்கள் உங்களைச் சுமந்தார்கள். குழி வெட்ட வெட்ட ஊற்று வந்தது. வாளியால் இறைத்துக்கொண்டே வெட்டினார்கள். முத்துலெச்சுமிக்கு இடது பக்கத்தில் ஈர மண்ணில் உங்களை இறக்கினோம். செங்கோடன் டின்னைக் கொண்டுவந்திருந்தான். தட்டவில்லை.

திங்கட்கிழமை காலையிலேயே துரைக்குத் தெரிந்துவிட்டது. என்னைக் கூப்பிட்டுக் கேட்டார். நான்தான் மாற்றிச் சொன்னேன் என்றேன். மாலைக்குள் வெளியேறச் சொன்னார். இனித் தோட்டத்துக்குள் கால் வைக்கக் கூடாது என்றும் சொன்னார். தோண்டி எடுக்கச் சொல்வாரோ என்று பயந்தேன். அதை மட்டும் அவர் செய்யவில்லை.

நான் புறப்பட்டபோது ரோடுவரை ஜனங்கள் வந்தார்கள் அண்ணே. எனக்கு மாலை போட்டார்கள். "மனுசன்னா நீங்கதாங்க மனுசன்" என்று செங்கோடன் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதான். சற்றுத் தள்ளி நின்ற பெரிய கங்காணியைப் பார்த்துக் காறித் துப்பினான். "கொன்னுட்டு வேடிக்க பாக்க வந்துட்டாரு" என்றான். கங்காணி என்னை ஒரு பார்வை பார்த்தார். திரும்பி நடந்தார். நான் கழுத்தில் மாலையோடு லாரியில் ஏறி உட்கார்ந்தேன்.

போன மாதம் கங்காணி மகளுக்குக் கல்யாணம் நடந்ததாம். லயத்திலிருந்து ஒருவரும் போகவில்லையாம். சமைத்த சோற்றைக் குழி வெட்டிப் புதைத்தார்களாம். தோட்டத்திலிருந்து வந்து இதைச் சிரித்துக்கொண்டே எனக்குச் சொன்னவன், எனக்கும் சந்தோஷமாக இருக்கும் என்று நினைத்துத்தான் சொன்னான்.

அதற்குப் பிறகு சாப்பாடு இறங்கவில்லை. அஞ்சலையைத் தேடிக்கொண்டு போனேன். அவர் இப்போது மாசாய் பக்கத்தில் ஒரு தோட்டத்தில் புல் வெட்டுகிறார். உடம்பு பரவாயில்லை. கூட வேலை செய்கிற பெண்களோடு ஒரே லயத்தில் இருக்கிறார். புல்வெட்டுக் கத்தியைக் கையில் வைத்துக்கொண்டே நான் சொன்னதையெல்லாம் கேட்டார். துரை கேட்டது, நான் சொன்னது, எழுதியது.

"அவருக்குத் தெரியும்ங்க" என்றார்.

எனக்கு விளங்கவில்லை.

"அன்னைக்கே தெரியும். கங்காணி ஆப்பீசு வராந்தாவுல நின்னு கேட்டுட்டு, நேரா வந்து எங்ககிட்ட சொல்லிட்டாரு. மறுநாளு நீங்களா சொல்றீங்களான்னு பாக்கத்தான் பந்த எடுத்துக்கிட்டு உங்ககிட்ட வந்தாரு."

"பிறகு ஏன் ஒருத்தருக்கும் சொல்லேல்லை?"

"கிராணி ஐயா இல்லன்னா டீமு கலஞ்சிரும், துரைகிட்ட நம்மளுக்காகப் பேச வேற யாரு இருக்கான்னாரு. வெளிய சொல்லக் கூடாதுன்னு கங்காணிகிட்ட சத்தியம் வாங்கிட்டாரு. அந்த மனுசன் இன்னைக்கு வரைக்கும் வாயத் தொறக்கல."

அங்கேயே வாய்க்கால் கரையில் உட்கார்ந்துவிட்டேன். நான் முகத்துக்கு நேரே பொய் சொன்னபோது எல்லாம் தெரிந்துகொண்டா தையல் பிரிந்ததைச் சொன்னீர்கள்? என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா? திட்டியிருக்கக் கூடாதா?

"அவரு உங்கள மன்னிச்சிட்டாருங்க" என்றார் அஞ்சலை. "நான் மன்னிக்கல."

தலையை ஆட்டினேன்.

"என்கிட்ட அழுது என்னங்க ஆவுது? திடல்ல வச்சு சொல்லுங்க. கங்காணி காதுல விழுறாப்ல சொல்லுங்க." சொல்லிவிட்டு மறுபடி குனிந்து புல்லை வெட்டத் தொடங்கினார். நான் எழுந்து போகும்வரை நிமிரவில்லை.

நம் ஆட்டக்காரர்களே, கேட்டுக்கொண்டு நிற்கிற எல்லோருமே, பெரிய கங்காணி காத்தமுத்து அண்ணனுக்கு ஒரு தீங்கும் செய்யவில்லை. செய்தவன் நான். நீங்கள் எனக்குப் போட்ட மாலை எனக்குரியதில்லை. செங்கோடா, நீ துப்பிய இடம் தப்பு.

அண்ணே, ஞாயிற்றுக்கிழமை காலை ரயிலில் குளுவாங் வந்து ஆ சோங்கின் லாரியில் ஏறுவேன். இதை வாத்தியார் வாசிக்கும்போது கூட்டத்தில் ஒளிந்து நிற்க மாட்டேன். அவர் பக்கத்தில், எல்லோருக்கும் முகம் தெரிகிற மாதிரி நிற்பேன். அடித்தால் வாங்கிக்கொள்வேன். பிறகு கங்காணி வீட்டுக்குப் போவேன். அவர் கதவைத் திறக்காவிட்டால் வாசலில் நிற்பேன். காவலாளி வந்து பிடித்துத் தள்ளினால் அடுத்த ஞாயிறு மறுபடி வருவேன். இந்தத் தடவை நான் சொன்ன சொல் மாறாது.

இப்படிக்கு,
உங்கள் பெயரைக் கடைசியில் எழுதிய உங்கள் தம்பி,
செல்லையா